கறை படிந்த மெனு அட்டை: அமெரிக்கக் கல்லூரி ஒன்றுகூடல் விருந்துகளின் காகித எச்சங்கள்

ஒரே விருந்தில் வைக்கப்பட்ட இரண்டு மெனு அட்டைகள் விற்பனைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று மடிப்புக் கலையாமல், பட்டு நாடாவின் நிறம் மங்காமல், அச்சகத்திலிருந்து நேற்று வந்ததைப் போல் இருக்கிறது. மற்றொன்றின் ஓரத்தில் மதுக்கிண்ணம் வைத்த வட்டக் கறை இருக்கிறது. பின்பக்கத்தில் பதினாறு பேர் பென்சிலால் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவற்றில் ஐந்து பெயர்களுக்கு எதிரே, பின்னொரு நாளில், வேறு மையால் ஒரு சிறு குறி இடப்பட்டிருக்கிறது. நாணயமும் அஞ்சல்தலையும் சேகரித்துப் பழகிய கை முதல் அட்டையைத்தான் எடுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரிகளின் வகுப்பு ஒன்றுகூடல் விருந்துப் பொருள்களைச் சேகரிப்பவருக்கு அது தவறான தேர்வு. அச்சானது அத்தனை பேருக்கும் ஒன்றுதான். அந்த இரவில் ஒரு குறிப்பிட்ட மேசையில் நடந்ததை வைத்திருப்பது இரண்டாவது அட்டை மட்டுமே. இந்தத் துறையில் கறை என்பது பெரும்பாலும் குறை அன்று, சான்று. அப்படிச் சொல்வதற்கான காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் 'வகுப்பு' என்ற சொல்லுக்கு அங்கே இருந்த பொருளைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் ஒருவர் எந்த ஆண்டு பட்டம் பெற்றாரோ அந்த ஆண்டே அவருடைய வகுப்பின் பெயர். 1829-இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றவர் சாகும் வரை '29-இன் ஆள்'. இந்த ஒட்டுதல் வெறும் உணர்ச்சியால் வந்ததில்லை, பாடத்திட்டம் உண்டாக்கியது. விருப்பப் பாடங்கள் என்ற ஏற்பாடு 1869-இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட்டின் காலத்தில்தான் முழு வேகம் கொண்டது. அதற்கு முந்தைய தலைமுறைகளில் ஒரு வகுப்பின் ஐம்பது அறுபது இளைஞர்களும் நான்கு ஆண்டுகள் ஒரே கிரேக்கம், ஒரே இலத்தீன், ஒரே கணக்கு என்று ஏறத்தாழ ஒரே பாடங்களைச் சேர்ந்து படித்தார்கள். அப்படிப் பழகியவர்கள் பிரிந்த பின்பும் கூடியதில் வியப்பில்லை.

அவர்கள் முதன்முதலில் மூன்றாம் ஆண்டில் கூடியதற்கு இன்னும் நடைமுறையான காரணம் உண்டு. ஹார்வர்டிலும் யேலிலும் 1870-களின் தொடக்கம் வரை, இளங்கலைப் பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் கழிந்தவர், மேற்கொண்டு எதுவும் படிக்காமலேயே, உரிய கட்டணத்தைச் செலுத்தி முதுகலைப் பட்டத்தைப் பெற்றுக்கொள்ளலாம். அந்தப் பட்டத்தை வாங்க வந்தவர்கள் அப்படியே ஒரு விருந்தும் வைத்துக்கொண்டார்கள். பழைய அழைப்பிதழ்களில் 'மூன்றாண்டுக் கூட்டம்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். அதன் பிறகு ஆறு, பத்து, இருபத்தைந்து, ஐம்பது என்று இடைவெளிகள் வகுப்புக்கு வகுப்பு மாறின. யேலில் மூன்றாண்டு விருந்துக்கென்றே ஒரு தனிப்பொருள் இருந்தது: வகுப்புத் தோழர்களுள் முதலில் தந்தையானவரின் மகனுக்கு வகுப்பின் செலவில் வழங்கப்பட்ட வெள்ளிக் கிண்ணம். அந்தக் குழந்தைக்கு 'வகுப்புப் பையன்' என்றே பெயர். (யேல் என்ற பெயருக்கே நம் ஊர்த் தொடர்பு உண்டு. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேல் 1718-இல் அனுப்பிய துணிப்பொதி முதலிய சரக்குகளை விற்ற பணம்தான் அக்கல்லூரிக்கு அப்பெயரை வாங்கித் தந்தது.)

ஆண்டுதோறும் கூடிய வகுப்புகளும் இருந்தன. அவற்றுள் புகழ்பெற்றது ஹார்வர்டின் 1829 வகுப்பு. மருத்துவரும் கவிஞருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அதில் ஒருவர். கணித அறிஞர் பெஞ்சமின் பியர்ஸ் ஒருவர். அடிமை முறை குறித்த டிரெட் ஸ்காட் வழக்கில் 1857-இல் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய உச்ச நீதிமன்ற நீதிபதி பெஞ்சமின் கர்ட்டிஸ் ஒருவர். 'அமெரிக்கா' என்ற நாட்டுப் பாடலை எழுதிய சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் ஒருவர். ஹோம்ஸ் 1851 முதல் 1889 வரை இந்த வகுப்பின் விருந்துகளுக்கு ஏறத்தாழ ஆண்டு தவறாமல் கவிதை எழுதினார். 1859 ஜனவரியில் அவர் வாசித்த கவிதை, ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர்களைப் 'பையன்கள்' என்றே அழைத்தது. இக்கவிதைகளும் பாடல்களும் வகுப்பினருக்காகத் தனியே அச்சிடப்பட்டன. 1854-லேயே ஒரு சிறு தொகுப்பு வெளிவந்துவிட்டது. பின்னாளில் ஹோம்ஸின் முழுக் கவிதைத் தொகுதிகளில் இவையெல்லாம் இடம்பெற்றுவிட்டதால், வாசிப்பதற்கு அந்தத் துண்டுத் தாள்கள் தேவையில்லை. ஆனாலும் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். தொகுதியில் கவிதை வாசகருக்காக இருக்கிறது; துண்டுத் தாளில் அது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த சிலருக்காக இருக்கிறது.

இப்படிப்பட்ட விருந்து விட்டுச்சென்ற பொருள்கள் யாவை? அழைப்பிதழ், வருகையை உறுதிசெய்யும் பதில் அட்டை, மெனு அட்டை, இருக்கையில் வைக்கும் பெயர்ச் சீட்டு, பாட்டுத் தாள், வாழ்த்துரைகளின் வரிசை, வர இயலாதவர்களின் கடிதங்கள், விருந்துக் கணக்கு, கூட்டத்துக்குப் பின் வகுப்புச் செயலர் அச்சிட்டு அனுப்பிய அறிக்கை, குழுவாக எடுத்துக்கொண்ட புகைப்படம், சட்டையில் குத்திய நாடா ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றுள் மெனு அட்டைக்கே சந்தையில் முதலிடம். பார்க்க அழகாக இருக்கும், சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம் என்பது ஒரு காரணம். உணவு வரலாற்றில் ஆர்வமுள்ளோரும் அதற்குப் போட்டியிடுவது மற்றொரு காரணம்.

மெனு அட்டை எப்போதும் இருந்த பொருள் அன்று என்பதைப் புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நூற்றாண்டின் முற்பகுதியில் பெரிய விருந்துகளில் பிரெஞ்சு முறைப் பரிமாறலே வழக்கம். ஒரு சுற்றுக்குரிய பண்டங்கள் யாவும் ஒரே நேரத்தில் மேசை நிறையப் பரப்பப்பட்டிருக்கும். நம் தலைவாழை இலையைப் போல, என்ன கிடைக்கும் என்பது கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும்போது அதைத் தாளில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ரஷ்ய முறை பரவியது. பணியாளர்கள் ஒவ்வொரு பண்டத்தையும் சமையலறையிலிருந்து தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். மேசையில் பூவும் விளக்கும்தான் இருந்தன. அடுத்து வருவது என்ன, எதற்கு வயிற்றில் இடம் வைத்துக்கொள்வது என்பதை உண்பவருக்குச் சொல்ல ஓர் அட்டை தேவைப்பட்டது. ஆகவே 1830-களின் கல்லூரி விருந்து ஒன்றுக்கு அலங்காரமான, தனித்தனிச் சுற்றுகளாகப் பிரித்து அச்சிட்ட மெனு அட்டை என்று யாரேனும் நீட்டினால், வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். நியூயார்க்கின் டெல்மோனிக்கோ உணவகத்தின் 1834-ஆம் ஆண்டு மெனு என்று பல புத்தகங்களில் படமாக வந்த ஒரு தாளே பின்னாளில் ஆராயப்பட்டுப் போலி என்று தள்ளப்பட்டது. அந்த ஒரு தாளை நம்பி அமெரிக்க உணவக வரலாற்றின் முதல் பக்கத்தை எழுதியவர்கள் பலர்.

உண்மையான அட்டைகள் பெருகுவது உள்நாட்டுப் போர் முடிந்த 1865-க்குப் பிறகு. பாஸ்டனில் 1855-இல் திறக்கப்பட்ட பார்க்கர் ஹவுஸ், அதே ஊரின் யங்ஸ் ஹோட்டல், நியூயார்க்கில் டெல்மோனிக்கோ ஆகியவை கல்லூரிக் கூட்டங்களின் வழக்கமான இடங்கள். டெல்மோனிக்கோ 1862-இல் பதினான்காம் தெருவுக்கும், 1876-இல் மேடிசன் சதுக்கத்துக்கும், 1897-இல் நாற்பத்து நான்காம் தெருவுக்கும் என்று நகரத்தோடு சேர்ந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருந்ததால், அட்டையில் தெருவின் பெயர் இருந்தால் ஆண்டு அச்சிடப்படாத அட்டைக்கும் ஓரளவு காலம் குறித்துவிடலாம்.

அட்டைக்குள் இருப்பதும் ஒரு சாட்சியம்தான். சிப்பி, பச்சை ஆமைச் சூப், மீன், டெரப்பின் எனப்படும் உவர்நீர் ஆமை, நடுவில் வாயைக் குளிர்விக்க ரோமன் பஞ்ச் என்ற மது கலந்த பனிக்குழைவு, பிறகு கான்வாஸ்பேக் என்ற காட்டு வாத்து என்று போகும் அந்த வரிசை, 1870-களிலும் 1880-களிலும் உயர்தர விருந்தின் இலக்கணம். செசபீக் விரிகுடாவின் நீர்ச்செடிகளைத் தின்று வளர்ந்த கான்வாஸ்பேக் வாத்தின் இறைச்சிக்கு அக்காலத்தில் ஈடு கிடையாது. சந்தைக்காக வேட்டையாடி வேட்டையாடி அதன் கூட்டங்கள் மெலிந்தன. 1918-இல் வந்த வலசைப் பறவைச் சட்டத்துக்குப் பிறகு காட்டு வாத்தை விற்பதே நின்றுபோனது. டெரப்பினும் அவ்வாறே அருகியது. ஒரே வகுப்பின் பத்தாண்டு, இருபத்தைந்தாண்டு, நாற்பதாண்டு விருந்துகளின் அட்டைகள் வரிசையாகக் கிடைத்தால், ஒரு கடற்கரையின் உயிர்வளம் மேசையிலிருந்து மெல்ல இறங்கிப்போவதை அதில் படிக்கலாம். அதற்காக மட்டுமே இவற்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கல்லூரியைப் பற்றிக் கவலையில்லை.

பாட்டுத் தாள்களின் அமைப்பு நம் பழைய பாட்டுப் புத்தகங்களைப் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். தலைப்புக்குக் கீழே இன்ன மெட்டு என்று ஒரு வரி இருக்கும். சொற்கள் புதியவை, இசை எல்லோரும் அறிந்தது. ஹார்வர்டின் கல்லூரிப் பாடலான 'ஃபேர் ஹார்வர்ட்' கூட அப்படிப் பிறந்ததுதான்: 1811 வகுப்பைச் சேர்ந்த சாமுவேல் கில்மன், 1836-இல் நடந்த இருநூறாம் ஆண்டு விழாவுக்காக, எல்லோருக்கும் தெரிந்த ஓர் அயர்லாந்துக் காதல் பாட்டின் மெட்டில் அதை எழுதினார். பாட்டுத் தாள்களில் பெரும்பாலானவை இலக்கியமாகத் தேறாது. எதுகை கிடைத்தால் போதும் என்று எழுதிய வரிகள், வகுப்பினருக்கு மட்டுமே விளங்கும் பட்டப்பெயர்கள், ஆசிரியர்களைப் பற்றிய கிண்டல்கள் ஆகியவையே அவற்றில் நிரம்பியிருக்கும். ஆனால் அச்சில் உள்ள வரிக்கு மேலே யாரோ பென்சிலால் வேறு சொல் எழுதியிருந்தால் அந்தத் தாளைக் கீழே வைக்காதீர்கள். அன்று பாடப்பட்டது அச்சிட்டதில்லை, எழுதியதுதான் என்று கொள்ள இடமிருக்கிறது.

வாழ்த்துரை வரிசை இன்னொரு வகை. மதுக்கிண்ணத்தை உயர்த்தி 'கல்லூரிக்கு', 'ஆசிரியர்களுக்கு', 'மறைந்தோருக்கு' என்று ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் எழுந்து பதிலுரை சொல்வது வழக்கம். யாருக்கு எது ஒதுக்கப்பட்டது என்பது வகுப்புக்குள் ஒவ்வொருவருக்கும் இருந்த இடத்தைக் காட்டிவிடும். மறைந்தோருக்கான கிண்ணத்தை எழுந்து நின்று, பேசாமல் அருந்துவார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய விருந்துகளில் அந்த ஒரு வரிக்குக் கூடுதல் கனம் உண்டு, ஏனெனில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் வடக்கிலும் தெற்கிலுமாக எதிரெதிர்ப் படைகளில் நின்றிருந்தார்கள்.

இனி வகுப்புச் செயலர். இந்தத் துறையின் உண்மையான நாயகர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சந்தையில் அவர் பெயரை யாரும் தேடுவதில்லை. பட்டம் பெறும்போது தேர்ந்தெடுக்கப்பட்டு, பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அப்பொறுப்பில் இருந்து, தோழர்களின் முகவரி, தொழில், திருமணம், குழந்தைகள், மரணம் ஆகிய அனைத்தையும் கடிதம் எழுதிக் கேட்டுத் திரட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அச்சிட்டு அனுப்பியவர் அவர். ஒரு விருந்தின் பொருள்கள் மொத்தமாக எங்கேனும் தப்பிப் பிழைத்திருந்தால் அது அவருடைய பெட்டியில்தான். அவர் இறந்தபின் பெட்டி கல்லூரிக்குப் போயிருந்தால் இன்று ஆவணக் காப்பகத்தில் இருக்கும். பேரப்பிள்ளைகளிடம் போயிருந்தால் வீட்டுச் சாமான்களோடு ஏலத்துக்கு வரும்.

செயலரின் அறிக்கைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது கல்லூரியின் பட்டதாரிப் பட்டியல். ஹார்வர்டில் அது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் இலத்தீனிலேயே வெளிவந்தது. வில்லியம் என்ற பெயர் கூட அதில் இலத்தீன் உருவில்தான் இருக்கும். இறந்தவரின் பெயருக்கு முன்னால் ஒரு விண்மீன் குறி. பதிப்புக்குப் பதிப்பு ஒரு வகுப்பின் பெயர்வரிசையில் விண்மீன்கள் கூடிக்கொண்டே போகும். விருந்துக்கு வந்தவர்கள் தம் மெனு அட்டையில் பெயர்களுக்கு எதிரே பின்னாளில் இட்ட குறிகளும் பெரும்பாலும் இந்த வழக்கத்தின் வீட்டு வடிவம்தான். மெனு அட்டையில் உள்ள கையெழுத்துகளைப் பட்டியலோடும் செயலர் அறிக்கையோடும் ஒப்பிட்டால், அட்டையில் ஆண்டு இல்லாவிட்டாலும், யார் யார் உயிரோடு இருந்தபோது அந்த விருந்து நடந்திருக்க முடியும் என்று காலத்தை நெருக்கிக் கொண்டுவந்துவிடலாம்.

இந்தப் பட்டியல்களின் ஒரு மூலை தமிழ் நிலத்தையும் தொடுகிறது. யாழ்ப்பாணத்துக்கு 1816-இல் வந்து, வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்தி, மதுரையிலும் பணியாற்றி, 1855-இல் மானிப்பாயில் இறந்த டானியல் பூர், டார்ட்மவுத் கல்லூரியின் 1811 வகுப்பைச் சேர்ந்தவர். 1862-இல் தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்ட மிரன் வின்ஸ்லோ, மிடில்பரி கல்லூரியின் 1815 வகுப்பு. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் சிறு கல்லூரிகள் இப்படிப் பலரைத் திரைகடலுக்கு அப்பால் அனுப்பின. தோழர்கள் ஊரில் கூடும்போது பல்லாயிரம் மைல் தள்ளி இருந்தவர்கள் இவர்கள். அக்கல்லூரிகளின் பழைய பட்டியல்களைப் புரட்டும் தமிழ் வாசகர், நமக்குப் பழக்கமான இந்தப் பெயர்களை அங்கே வேறொரு கூட்டத்தின் நடுவே காண்பார்.

காலம் குறிப்பதில் அடிக்கடி நேரும் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். அட்டையில் பெரிய எழுத்தில் '57' என்று இருந்தால் விற்பவர் அதை 1857-ஆம் ஆண்டுப் பொருள் என்று எழுதிவிடுகிறார். அது வகுப்பின் ஆண்டு. விருந்து 1882-இல் நடந்த இருபத்தைந்தாம் ஆண்டுக் கூட்டமாக இருக்கலாம், 1907-இல் நடந்த ஐம்பதாம் ஆண்டுக் கூட்டமாகவும் இருக்கலாம். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே முதலாண்டு விருந்து, இரண்டாமாண்டு விருந்து என்று வைத்துக்கொண்டார்கள். 1880-களிலும் 1890-களிலும் அவற்றுக்கும் ஆடம்பரமான அட்டைகள் அச்சாயின. அவை ஒன்றுகூடல் பொருள்கள் அல்ல. பத்தொன்பது வயதுப் பையன்களின் கொண்டாட்டத்துக்கும் அறுபது வயதுக்காரர்களின் விருந்துக்கும் உள்ள வேறுபாடு, வாழ்த்துரை வரிசையைப் படித்தாலே தெரிந்துவிடும்.

கல்லூரியின் பெயரும் உதவும், ஆனால் ஒரு பக்கமாக மட்டும். யேல் 1887-இல் பல்கலைக்கழகம் என்ற பெயரை ஏற்றது. நியூ ஜெர்சி கல்லூரி 1896-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமானது. கொலம்பியாவும் அதே ஆண்டில் பெயர் மாற்றிக்கொண்டது. 'பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம்' என்று அச்சிட்ட அட்டை 1896-க்கு முந்தையதாக இருக்க வழியில்லை என்று சொல்லலாம். 'பிரின்ஸ்டன்' என்று மட்டும் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது, ஏனெனில் ஊர்ப்பெயரால் கல்லூரியை அழைக்கும் வழக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. 'யேல் கல்லூரி' என்று இருப்பதும் 1887-க்கு முந்தையது என்பதற்குச் சான்றாகாது. இளங்கலைப் பிரிவுக்கு அந்தப் பெயர் தொடர்ந்தது.

அச்சு முறையைப் பார்க்க ஒரு நல்ல லென்ஸ் போதும். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட எழுத்து விரல் நுனியில் லேசாக மேடாகத் தட்டுப்படும். கோத்த எழுத்தில் அடித்தது தாளை உள்ளே அழுத்தியிருக்கும். கல்லச்சு சமதளமாக இருக்கும். கல்லூரிக் கட்டடத்தின் படம் லென்ஸுக்குக் கீழே சிறு சிறு புள்ளிகளாகப் பிரிந்தால் அது ஹாஃப்டோன் பிளாக், அதாவது 1880-களுக்கு முன்னால் போக முடியாது. வெள்ளிக் கிண்ணங்களில் உலோகத் தர முத்திரை இதே வேலையைச் செய்கிறது. டிஃப்பனி நிறுவனம் 1851-லும் கோரம் நிறுவனம் 1868-லும் ஸ்டெர்லிங் தரத்துக்கு (நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி) மாறின. அதற்கு முந்தைய அமெரிக்க வெள்ளியில் பெரும்பாலும் நாணயத் தரத்தைக் குறிக்கும் சொல்லே இருக்கும்.

காகிதம் மட்டும் எதிர்பார்ப்புக்கு மாறாக நடந்துகொள்ளும். கந்தல் துணியிலிருந்து செய்த 1840-களின் அழைப்பிதழ் இன்றும் வெள்ளையாக, வளைத்தால் வளைவதாக இருக்கும். மரக்கூழில் செய்த 1890-களின் மெனு அட்டை பழுப்பேறி, மூலையைத் தொட்டால் உதிரும். பழையது பழுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவர் இரண்டையும் தவறாகக் கணிப்பார். பழுப்பேறிய தாளை லேமினேஷன் செய்வது அதைக் கொல்வதற்குச் சமம். செல்லோடேப் அதைவிடக் கேடு. அதன் பசை தாளுக்குள் இறங்கிய பின் எளிதில் எடுக்க முடியாது. அமிலம் நீக்கிய அட்டைப் பெட்டி, பாலியெஸ்டர் உறை, வெயில் படாத உலர்ந்த அலமாரி ஆகியவை போதும். நம் ஊர் ஈரப்பதத்தில் இராமபாணப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் கூடுதலாகக் காவல் இருக்க வேண்டியிருக்கும். தாளைச் சுத்தம் செய்கிறேன் என்று அழிப்பானைக் கையில் எடுப்பவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: முதலில் அழிவது பென்சில் குறிப்பு, அதாவது அந்தப் பொருளின் மதிப்பில் பாதி.

பொதுச் சேகரிப்புகளைப் பற்றிச் சொல்லும்போது பிராங்க் பட்டால்ஃப் என்ற பெண்மணியைத் தவிர்க்க முடியாது. பிராங்க் என்பது ஆண்பெயர் போல ஒலித்தாலும் அவருடைய இயற்பெயர் ஃபிரான்சஸ் எடிதா. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி, ஹோட்டல்களுக்கும் சங்கங்களுக்கும் ஓயாமல் கடிதம் எழுதி, 1924-இல் இறப்பதற்குள் சுமார் 25,000 மெனு அட்டைகளை நியூயார்க் பொது நூலகத்துக்குச் சேர்த்துவிட்டார். சங்க விருந்துகளும் கல்லூரி விருந்துகளும் அதில் ஏராளம். 2011-இல் நூலகம் அவற்றின் படங்களை இணையத்தில் வைத்து, பண்டங்களின் பெயர்களைத் தட்டச்சு செய்து தரும்படி பொதுமக்களை அழைத்தது. பட்டால்ஃப் இல்லாவிட்டால் இந்த அட்டைகளில் பெரும்பாலானவை குப்பைக்குப் போயிருக்கும். அந்த நன்றியோடு ஒரு குறையையும் சொல்லலாம். அவர் கறையில்லாத பிரதிகளையே விரும்பினார், வந்த அட்டைகளில் தம் முத்திரையையும் குத்தினார். விருந்துக்கு முந்திய நிலையில் இருந்த அட்டைகள் அவரிடம் குவிந்தன. அவற்றிலிருந்து என்ன சமைத்தார்கள் என்பது தெரியும். யார் அருகில் யார் உட்கார்ந்தார் என்பது தெரியாது.

தனியார் சந்தை செய்யும் கேடு வேறு வகை. செயலரின் பெட்டி ஏலத்துக்கு வந்தால் வாங்குபவர் அதைப் பிரிக்கிறார். மெனு அட்டை உணவுப் பிரியருக்கு, புகைப்படம் புகைப்படக்காரருக்கு, கிண்ணம் வெள்ளி வியாபாரிக்கு. யேலின் 1878 வகுப்பென்றால் டாஃப்ட் பெயரும், ஹார்வர்டின் 1880 என்றால் தியோடர் ரூஸ்வெல்ட் பெயரும் என, பின்னாளில் குடியரசுத் தலைவரானவரின் பெயர் உள்ள தாள் மட்டும் தனியே எடுக்கப்படுகிறது. பல சமயம் கையெழுத்துள்ள கீற்று மட்டும் வெட்டப்பட்டு மீதி எறியப்படுகிறது. குடியரசுத் தலைவர்களின் கையெழுத்துகள் வேறு இடங்களில் எத்தனையோ உண்டு. அவர் எந்தத் தோழர்களுக்கு நடுவே, எத்தனையாவது ஆளாகக் கையெழுத்திட்டார் என்பது அந்த ஒரு தாளில் மட்டுமே இருந்தது.

பிரிக்கப்படும்போது யாரும் கேட்காமல் மிஞ்சுவது கடிதக் கட்டு. விருந்துக்கு வர இயலாதவர்கள் செயலருக்கு எழுதிய மறுமொழிகள் அவை. அவற்றுள் சில விருந்தில் உரக்க வாசிக்கப்பட்டன. வந்தவர்கள் உண்டார்கள், பாடினார்கள், கையெழுத்திட்டார்கள். தம்மைப் பற்றி நீளமாக எழுதியவர்கள் வராதவர்களே. ஏன் வர முடியவில்லை என்று சொல்லப் புகுந்து, இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளையும் சொல்லிவிடுகிறார்கள்: பிழைக்காத பண்ணை, கண் பார்வை குறைந்தது, இரயில் கட்டணம், அடக்கம் செய்த குழந்தைகள். ஹார்வர்டின் 1836 விழாவையொட்டிய பழைய மாணவர்களின் கடிதங்களைத் தலைவர் ஜோசையா குவின்சி ஒரு பொதியாகக் கட்டி முத்திரையிட்டு வைத்தார். அது நூறு ஆண்டுகள் கழித்து, 1936-இல், முந்நூறாம் ஆண்டு விழாவின்போதுதான் திறக்கப்பட்டது. சாதாரண வகுப்புகளின் கடிதக் கட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. புகழ்பெற்ற பெயர் எதுவும் இல்லாத ஐம்பது அறுபது கடிதங்கள் நூலால் கட்டப்பட்டு, ஏலப் பட்டியலின் கடைசி வரிகளில், 'பலவகைத் தாள்கள்' என்ற தலைப்பில் கிடக்கும். மெனு அட்டைக்குப் பணம் ஒதுக்கி வந்தவர் முதலில் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்கட்டும்.